மகோகனி கிட்டாரின் கழுத்தில், மரத்துளைகளுக்குள் தங்கிவிட்ட வெள்ளைப் பாலிஷ் படிவை எப்படி எடுப்பது?

கேள்வி: திருவான்மியூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மகோகனிக் கழுத்துடைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். கழுத்தின் பின்புறத்தில் பளபளப்பில்லாத சாட்டின் பூச்சு இருக்கிறது. மரத்துளைகளை அடைக்காமல் மிக மெல்லியதாக அடித்திருப்பதால், விரலால் தடவினால் மரத்தின் வரிகள் தெரியும். கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி கை வியர்த்துக்கொண்டே இருக்கிறது. சில மாதங்களாகக் கட்டை விரல் கழுத்தின் மேல் வழுக்கிச் செல்லாமல் ஒட்டி ஒட்டி நகர்ந்தது.

அதைச் சரிசெய்யலாம் என்று எண்ணி, மோட்டார் சைக்கிள் டேங்கில் கீறல் போக்குவதற்காக வீட்டில் வாங்கி வைத்திருந்த வெள்ளை ரப்பிங் காம்பவுண்டைப் பழைய பருத்தித் துணியில் எடுத்து, கழுத்து முழுவதும் அழுத்தித் தேய்த்தேன். கை நகர்வது உண்மையிலேயே எளிதானது. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தபோது, மூன்றாம் பிரெட்டிலிருந்து (கழுத்தின் முன்புறத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் பிரெட்) கழுத்து உடலோடு சேரும் இடம் வரையிலும், ஒவ்வொரு மரவரிக்குள்ளும் சுண்ணாம்பை இழுத்துவிட்டதுபோல் வெள்ளைக் கோடுகள் நிறைந்திருந்தன. இருண்ட பழுப்பு மரம் என்பதால் அறையின் மறுமுனையிலிருந்து பார்த்தாலும் கண்ணை உறுத்துகிறது.

ஈரத்துணியால் துடைத்தேன், மேலோட்டமான தூசி போனதே தவிர, உள்ளே இருப்பது அசையவில்லை. பிறகு தேங்காய் எண்ணெய் தடவினேன். தடவிய உடனே வெள்ளை முழுவதும் மறைந்துவிட்டதால் தீர்ந்தது என்று நிம்மதி அடைந்தேன். இரண்டு நாள் கழித்துப் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது, கழுத்தும் பிசுபிசுக்கிறது. தையல் ஊசியால் ஒரு வரியைக் கிளறிப் பார்த்தேன். பூச்சில் கீறல் விழுந்ததால் உடனே நிறுத்திவிட்டேன்.

பெயின்ட் கடையில் தின்னர் வாங்கித் துடைக்கலாமா, அல்லது உப்புத்தாள் போட்டு இழைத்துவிடுவதுதான் வழியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது விலை உயர்ந்த கருவி அல்ல என்றாலும், தினமும் கையில் எடுப்பது இதைத்தான். கெடுத்துவிட எனக்கு மனமில்லை.

பதில் 1: கோயம்புத்தூர், இசைக்கருவி பழுதுபார்ப்பவர்

வணக்கம். தின்னர், உப்புத்தாள் இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் கிட்டாரில் கெட்டுப்போனது எதுவுமில்லை. வரவேண்டாத ஒரு தூள் வரவேண்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அது என்னவென்று புரிந்துகொள்வது நல்லது. ரப்பிங் காம்பவுண்டு என்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்தூளை நீர், எண்ணெய், மெழுகு ஆகியவற்றில் குழைத்த கலவை. தூளின் ஒவ்வொரு துகளும் சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுதான் இருக்கும். மகோகனியில் நீர் ஏறிச்சென்ற குழாய்களோ மில்லிமீட்டரில் 0.1 முதல் 0.2 வரை அகலமுள்ளவை; அவற்றை நீளவாக்கில் அறுக்கும்போது கிடைக்கும் வாய்க்கால்களைத்தான் நாம் மரவரி என்கிறோம். அந்த வாய்க்காலுக்குள் நீங்கள் அழுத்தித் தேய்த்த கலவை இறங்கி, நீர் ஆவியான பிறகு, மெழுகும் எண்ணெயும் பசைபோல் பிடித்துக்கொள்ள, தூள் அங்கேயே இறுகியிருக்கிறது. ஆகவே தூளை நோண்டி எடுப்பதைவிட, தூளைப் பிடித்திருக்கும் பசையைக் கரைப்பதே வேலை. பசை விட்டுவிட்டால் தூள் தானாகவே வெளியே வரும்.

தேங்காய் எண்ணெய் தடவியபோது வெள்ளை மறைந்ததற்கும் காரணம் இருக்கிறது. உலர்ந்த தூள் வெள்ளையாகத் தெரிவது, துகள்களுக்கு இடையில் உள்ள காற்றும் துகளும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான். இடைவெளியை ஏதேனும் ஒரு திரவம் நிரப்பிவிட்டால் சிதறல் குறைந்து, தூள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எண்ணெய் மெல்ல மெல்ல மரத்துக்குள் இறங்கியதும் காற்று திரும்பி வந்தது, வெள்ளையும் கூடவே வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் திரவத்தால் துடைத்தாலும், ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்யக்கூடாது. நன்றாக உலர்ந்து, குறைந்தது கால் மணி நேரம் கழித்து, சாய்வான வெளிச்சத்தில் பார்த்துத்தான் போனதா இல்லையா என்று சொல்ல முடியும்.

அடுத்தது, பூச்சு எதனால் ஆனது என்ற சோதனை. கழுத்து உடலோடு சேரும் இடத்தின் அடிப்புறத்தில், வார் மாட்டும் குமிழுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துச் சில நொடிகள் அங்கே வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் வேறொரு குச்சியில் தின்னர் ஒரு துளி எடுத்து அதன் பக்கத்தில் வையுங்கள். இளகினால் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அதாவது நம் ஊர்ப் பட்டறைகளில் என்.சி. என்று சொல்வது. அப்போதும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் அல்லது அதுபோல் கெட்டிப்படும் பூச்சு. தின்னரைக் கழுத்து முழுக்கப் பூசவேண்டாம் என்று சொன்னது இதனால்தான். லாக்கராக இருந்திருந்தால் ஒரே துடைப்பில் பூச்சும் தூளும் குழம்பி, பிறகு பிரிக்கவே முடியாதபடி ஆகியிருக்கும்.

இனி துடைக்கும் முறை. இதற்கு நான் பயன்படுத்துவது நாப்தா. சிகரெட் லைட்டரில் ஊற்றுவதற்காகச் சிறு டப்பாக்களில் விற்கும் திரவம் அந்த வகைதான். அது மெழுகையும் எண்ணெயையும் கரைக்கும். உலர்ந்து கெட்டியான லாக்கரையும் பாலியூரித்தேனையும் அரக்கையும் ஒன்றும் செய்யாது. படிவு எதையும் விட்டுச்செல்லாமல் ஆவியாகிவிடும். வண்டிக்குப் போடும் பெட்ரோலை இதற்குப் பதிலாக எடுக்கவேண்டாம்; அதில் கலந்திருக்கும் சேர்மங்கள் படிந்துபோகும், ஆவியும் உடம்புக்குக் கெடுதல். நாப்தாவின் ஆவியும் எளிதில் தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமாகத் தரையோடு பரவும். ஆகவே மொட்டை மாடியிலோ சன்னல்கள் திறந்த அறையிலோ, அடுப்பும் சாமி விளக்கும் எட்டாத இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். நனைந்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்து உலரவிடுங்கள்.

கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, கிட்டாரைக் கவிழ்த்து, கழுத்துக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். பல் துலக்கும் தூரிகைகளில் மிக மென்மையானதும், இழைகளின் நுனி ஊசிபோல் கூர்ந்திருப்பதுமான ஒன்றை வாங்குங்கள். சாதாரணத் தூரிகையின் இழை ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமன்; அது மரத்துளையின் அகலமே இருப்பதால் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கிப் போகும். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நாப்தாவை நனைத்து, அரை நிமிடம் ஊறவிட்டு, வரியின் போக்கிலேயே தூரிகையை நீளவாக்கில் ஓட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒரு வாய்க்காலிலிருந்து கிளம்பிய தூள் அடுத்த வாய்க்காலில் விழும். அது ஆவியாவதற்கு முன்பே பஞ்சுபோன்ற மைக்ரோஃபைபர் துணியை ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றுங்கள். ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பகுதியைத் திருப்பிக்கொள்ளுங்கள். கரைந்து வந்த தூள் ஆவியாகும் திரவத்தோடு திரும்பவும் உள்ளே இறங்கிவிடுவதுதான் பலர் பத்து முறை செய்தும் பலன் காணாமல் போவதற்குக் காரணம்.

உங்கள் விஷயத்தில் வரிசையும் முக்கியம். வண்டிக்கான காம்பவுண்டுகளில் பல, நீரில் குழைத்தவை. அவற்றின் பசையில் ஒரு பகுதி நாப்தாவில் கரையாது, நீரில்தான் இளகும். ஆனால் நீங்கள் மேலே தேங்காய் எண்ணெய் பூசியிருப்பதால் இப்போது நீர் உள்ளே போகாது. ஆகவே முதலில் நாப்தாவால் இரண்டு முறை துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டு, உலர்ந்த பிறகு, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பில் ஒரு துளி கலந்த நீரில் தூரிகையை நனைத்து, நன்றாக உதறி, ஈரம் மட்டும் இருக்கும் நிலையில் அதேபோல் ஓட்டுங்கள். உடனே ஒற்றுங்கள். பிறகு சோப்பில்லாத நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். முழுவதும் உலர்ந்ததும் மறுபடி நாப்தா. மெல்லிய பூச்சு என்பதால் நீர் சொட்டச்சொட்ட விட்டால் மரநார் எழும்பிக்கொள்ளும், கவனம் தேவை. இன்னொன்று, சென்னையில் ஆழ்குழாய்த் தண்ணீரை இதற்கு எடுக்கவேண்டாம். அதில் உள்ள உப்பே உலர்ந்து இன்னொரு வெள்ளைப் படிவாகிவிடும். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள்களில், ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று என்று செய்தால் பத்தில் எட்டுப் பங்கு போய்விடும்.

பதில் 2: காரைக்குடி, மரச்சாமான் பாலிஷ் வேலை

கோவை ஐயா சொன்ன அளவுக்கு எனக்கு இசைக்கருவி பற்றித் தெரியாது. தேக்கிலும் ஈட்டியிலும் பழைய நாற்காலி, அலமாரி, ஊஞ்சல் பலகைகளுக்குப் பாலிஷ் போடுவது எங்கள் வேலை. எங்களிடம் இப்படி ஒரு சாமான் வந்தால், 320 எண் உப்புத்தாளில் இழைத்து, வெள்ளை போகும் ஆழம் வரை இறங்கி, மரத்தின் நிறத்தில் கலந்த பட்டியால் துளையை அடைத்து, மேலே மெலமைன் என்னும் கெட்டியான பூச்சை அடித்துவிடுவோம். துளையை அடைக்காமல் விட்ட மரத்தில் வெள்ளைக் காம்பவுண்டு போடக்கூடாது என்பது எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது.

மற்றொரு எச்சரிக்கை. வண்டிக் காம்பவுண்டிலும் மெழுகிலும் சிலிகோன் சேர்த்திருப்பது உண்டு. அது மரத்தில் இறங்கியிருந்தால், பின்னாளில் இந்தக் கழுத்துக்கு மறுபடி பூச்சு அடிக்கும்போது, மீன் கண் போல் வட்டம் வட்டமாகப் பூச்சு விலகிக்கொள்ளும். இனிமேல் யாரிடம் இதைப் பூச்சுக்குக் கொடுத்தாலும், வண்டிக் காம்பவுண்டு பட்டிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதலில் அரக்கு ஒரு கை அடித்து அடைத்துக்கொண்டு மேலே போவார்கள்.

பதில் 3: கோயம்புத்தூர், இசைக்கருவி பழுதுபார்ப்பவர்

சிலிகோன் பற்றிக் காரைக்குடி அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. நான் சொல்ல மறந்துவிட்டேன், நன்றி. இழைக்கும் விஷயத்தில் மட்டும் என் கருத்து வேறு. நாற்காலிக் கையில் அரை மில்லிமீட்டர் போனால் யாருக்கும் தெரியாது. கிட்டார் கழுத்தின் பின்வளைவு வாசிப்பவரின் கைக்குப் பழகியது. ஓரிடத்தில் சற்றே அதிகமாக இறங்கினாலும் கட்டை விரலுக்குத் தெரிந்துவிடும். மரத்துளையின் அடிவரை இழைப்பது என்றால் ஒரு துளை போய் அதற்குக் கீழே வேறொரு துளை திறக்கும், இழைத்த தூள் அதில் இறங்கும். அதோடு கழுத்தின் பூச்சை முழுவதும் எடுத்தால் நிறமும் போகும்; உடலின் நிறத்தோடு மறுபடி பொருத்துவது எளிதல்ல. கரைக்கும் வழி எல்லாம் தோற்ற பிறகு கடைசியாக யோசிக்க வேண்டியது அது.

இரும்பு நார்ச்சுருளும் வேண்டாம். மிக மெல்லிய வகையாக இருந்தாலும் அதன் துணுக்குகள் துளைக்குள் ஒடிந்து தங்கும். கடற்கரைக் காற்றில் அவை துருப்பிடித்தால் வெள்ளைக்குப் பதிலாகக் கறுப்புப் புள்ளிகளைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

பதில் 4: பெங்களூரு, பேஸ் கிட்டார் வாசிப்பவர்

இதே தவற்றை நான் பிரெட் போர்டில், அதாவது பிரெட்டுகள் பதிந்திருக்கும் கழுத்தின் முன்புறப் பலகையில் செய்தேன். பிரெட் கம்பிகள் மங்கியிருந்ததால், பித்தளைப் பாத்திரம் துலக்கும் திரவ பாலிஷால் அவற்றைத் தேய்த்தேன். பிரெட்டுகள் கண்ணாடிபோல் ஆயின. இடையில் இருந்த ஈட்டி மரத்தின் துளைகள் எல்லாம் சாம்பல் நிறமாயின. பிரெட் என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் என்பதால், தேய்ந்து வந்த உலோகத்தூள் பாலிஷ் தூளோடு கலந்து கறுத்திருந்தது. பிரெட் போர்டில் பெரும்பாலும் பூச்சே இருக்காது என்பதால் தூள் இன்னும் ஆழமாகப் போயிருந்தது.

எனக்கும் நாப்தாவும் மென்மையான தூரிகையும்தான் கைகொடுத்தன. அதற்கு முன்பு அவசரத்தில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அதை மட்டும் யாரும் செய்யவேண்டாம். ஈட்டி மரத்தின் இயற்கையான சாயம் ஸ்பிரிட்டில் கரைந்து வரும். துணி ஊதா கலந்த பழுப்பாக மாறியதோடு, பிரெட் போர்டின் ஓரத்தில் இருந்த தந்தநிறப் பட்டையிலும் அந்தச் சாயம் ஏறிவிட்டது. படிவு போகிறது என்று நினைத்துக்கொண்டு நான் துடைத்தெடுத்தது மரத்தின் நிறத்தையே.

இந்த மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. உலகின் பெரிய கிட்டார் பட்டறைகள் பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது இதைத்தான் நாடின. மார்ட்டின் நிறுவனம் 1969-இல் தன் வழக்கமான கிட்டார்களுக்கு இந்திய ஈட்டிக்கு மாறியது. அப்படிப்பட்ட மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் இயல்பு தெரியாமல் துடைத்தேன் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. இப்போதெல்லாம் பிரெட்டைத் துலக்குவதற்கு முன்பு, இரண்டு பிரெட்டுகளுக்கு இடையில் உள்ள மரம் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுகிறேன். ஒட்டும் வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். துளையிலிருந்து தூளை எடுக்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின.

கேள்வி கேட்டவர்: பத்து நாள்களுக்குப் பிறகு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடிப்புறத்தில் சோதித்தபோது ஸ்பிரிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தின்னர் வைத்த இடம் சற்று இளகிப் பஞ்சு ஒட்டிக்கொண்டது. அப்படியானால் லாக்கர்தான். முதலில் நினைத்தபடி தின்னரை வாங்கித் துடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போதே கை நடுங்குகிறது.

முதல் நாள் நாப்தாத் துடைப்பில் துணியில் வந்தது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் பழுப்பு அழுக்கும்தான். உலர்ந்த பிறகு வெள்ளை முன்பைவிட அதிகமாகவே தெரிந்தது, மனம் சோர்ந்துவிட்டேன். எண்ணெய் போய்விட்டதால்தான் அப்படித் தெரிகிறது என்று, ஐயா எழுதிய விளக்கத்தை மறுபடி படித்துத் தேற்றிக்கொண்டேன். இரண்டாம் நாள் சோப்பு நீரில் தூரிகையை ஓட்டியபோது நுரையே பால்போல் வந்தது. அன்று உலர்ந்ததும் பார்த்தால் ஏழாம் பிரெட் வரைக்கும் ஏறத்தாழ சுத்தம். நான்காம் நாளில் கழுத்தின் நடுப்பகுதி முழுவதும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

இரண்டு குறைகள் எஞ்சியிருக்கின்றன. உடலோடு சேரும் வளைவில், நார் குறுக்காக அறுபட்டு முனை தெரியும் இடத்தில், முப்பது நாற்பது வெள்ளைப் புள்ளிகள் எத்தனை முறை செய்தும் அசையவில்லை. மற்றொன்று, காம்பவுண்டால் நான் அதிகம் தேய்த்த இடங்கள் பளபளப்பாகவும் மற்றவை மங்கலாகவும், திட்டுத் திட்டாக இருக்கின்றன.

பதில் 5: கோயம்புத்தூர், இசைக்கருவி பழுதுபார்ப்பவர்

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். நார்முனை தெரியும் இடத்தில் துளைகள் வாய்க்காலாக இல்லாமல் கிணறுபோல் நேராக உள்ளே இறங்கும். அங்கே தூரிகை எட்டாது. மேற்கொண்டு கிளறாமல், அந்தப் புள்ளிகளுக்கு நிறம் கொடுத்துவிடுவதே நல்லது. மரச்சாமான்களுக்காக விற்கும் அடர்பழுப்பு மெழுகை, சிலிகோன் இல்லாததாகப் பார்த்து வாங்கி, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து அந்த வளைவில் மட்டும் வட்டமாக அழுத்தித் தேயுங்கள். பத்து நிமிடம் கழித்துத் துணியால் குறுக்கே துடைத்தால் மேற்பரப்பில் உள்ளது வந்துவிடும். துளையில் இறங்கியது அங்கேயே இருக்கும். எண்ணெய்போல் இது உள்ளே ஊறிப்போகாமல் கெட்டியாக நிற்பதால் வெள்ளை திரும்பி வராது. இதைக் கடைசியில் செய்யச் சொல்வதற்குக் காரணம், மெழுகு ஏறிய பிறகு நாப்தா பட்டால் அதுவும் கரைந்துவிடும் என்பதே.

பளபளப்புத் திட்டுகளுக்கு, மெழுகு போடுவதற்கு முன்பு, மிக நுண்ணிய சாம்பல்நிற நைலான் தேய்ப்புப் பட்டையை எடுத்து, கழுத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நிறுத்தாமல், ஒரே திசையில், எடை கொடுக்காமல் ஆறேழு முறை இழுங்கள். எல்லா இடமும் ஒரேபோல் மங்கியதும் நிறுத்திவிடுங்கள். லாக்கர் மெல்லியது, அதற்கு மேல் போகக்கூடாது.

இன்னும் ஒன்று கேட்க விரும்புகிறேன். நாப்தாவால் துடைத்து முடித்த பிறகு, கட்டை விரல் ஒட்டுவது எப்படி இருக்கிறது? முதல் நாள் துணியில் பழுப்பு அழுக்கு வந்தது என்று எழுதியிருந்தீர்களே, அது நான்கு ஆண்டு வியர்வையும் தோலின் எண்ணெயும் சேர்ந்த படிவாக இருக்கவேண்டும். சாட்டின் கழுத்துகள் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், பூச்சு கரடாக இருப்பது அல்ல.

கேள்வி கேட்டவர்

நீங்கள் சொன்ன பிறகுதான் அதைக் கவனித்துப் பார்த்தேன். காம்பவுண்டு போட்ட நாளில் இருந்ததைவிட இப்போது கை எளிதாக நகர்கிறது. நைலான் பட்டையால் இழுத்த பிறகு திட்டுகள் மறைந்துவிட்டன. மெழுகை நேற்று மாலை வளைவில் தேய்த்தேன். இன்று காலை வெயிலில் சாய்த்து வைத்துத் தேடினால் இரண்டு புள்ளிகள் மட்டும் தெரிகின்றன. இனி மாதம் ஒரு முறை, கம்பி மாற்றும்போது, கழுத்தை நாப்தாவால் லேசாகத் துடைக்கலாம் என்றிருக்கிறேன், மெழுகு போட்ட வளைவை மட்டும் விட்டுவிட்டு.